மச்சானுக்கு ஆகாத சத்தம்

எங்கள் அக்காவைக் கட்டிய மச்சான் போய்ச் சேர்ந்து இது இரண்டாவது ஆடி. அவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. ஆடுகிற சாமான் எதையும் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இரத்தோட்டையில் கோயிலடியில் கற்பூரம், சாம்பிராணி, திரிநூல் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். எழுத்து அங்கங்கே தளர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மச்சான் இருந்திருந்தால் அதையும் இறுக்கியிருப்பார்.

மற்றவர்கள் இடுப்பில் கட்டிய சாரத்தின் மடியில் வெற்றிலை முடிந்திருப்பார்கள். இவர் மடியில் ஒரு குட்டை ஸ்குரூ டிரைவர் இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காரும் முன்பே நாற்காலியின் கையை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்ப்பார். ஒரு செத்த வீட்டில் எல்லோரும் மாரடித்து அழுகிற நேரம், மச்சான் பெட்டியண்டை குனிந்து நின்றார். பாவம், மனசு உடைந்து நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால், பெட்டியின் கைப்பிடியை முடுக்கிக்கொண்டிருக்கிறார். புருஷனைப் பறிகொடுத்த அந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"விடுங்கண்ணே. அவரு இனிமே எங்கயும் எந்திரிச்சுப் போக மாட்டாரு."

"அதுக்கில்லம்மா, தூக்கிட்டுப் போறப்ப கடகடங்கும். போற மனுசன் நிம்மதியாப் போகணும்ல" என்றார் மச்சான்.

அவர் வேலை பார்த்தது மாத்தளை–இரத்தோட்டை பஸ்ஸில் கொண்டக்டராக. அந்தப் பஸ்ஸில் ஹோர்னைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போடும் என்று டிரைவரே சொல்லுவார். நாள் முழுக்க அதற்குள் நின்று நின்றுதான் மனுஷனுக்கு இந்தக் குணம் வந்ததோ, இல்லை பிறவிக் குணமோ, அம்மனுக்குத்தான் தெரியும். ஜன்னல் கண்ணாடிச் சந்துகளில் எல்லாம் டிக்கட்டை மடித்து மடித்துச் சொருகிவிடுவார். கண்ணாடி ஆடாது. ஆனால் திறக்கவும் திறக்காது. வெயில் நாளில் அந்தப் பஸ்ஸில் வந்தவர்கள் அவித்த கிழங்கு மாதிரித்தான் இறங்குவார்கள்.

வீட்டில் அக்கா சாவிக்கொத்தைத் துணியில் சுற்றித்தான் இடுப்பில் செருகுவாள். அவர்களுக்கு ஒரே மகள், சுகந்தி. சின்னப் பிள்ளையில் அவள் போட்டிருந்த கொலுசின் மணிகளுக்குள்ளே மெழுகு ஊற்றி வைத்திருந்தார் அப்பன்காரர். "கொலுசு போட்ட மாதிரியும் ஆச்சு, சத்தமும் இல்ல" என்று அதற்கு நியாயம் வேறு.

இதெல்லாவற்றையும் நான் சிரித்துக்கொண்டே பொறுத்துப் போனேன். கோயில் மணியில் கை வைத்தபோதுதான் எனக்கே கோபம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை தீபாராதனை. குருக்கள் ஐயா தட்டைத் தூக்கினார். நான் கண்ணை மூடி, மணிக் கயிற்றை இழுத்தேன். கணீர் என்று வரவேண்டியது, டொக் என்றது. மறுபடி இழுத்தேன். மறுபடியும் டொக். சனமெல்லாம் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறது. அண்ணாந்து பார்த்தால் மணியின் நாக்கை ஒரு பக்கமாக இழுத்து, கம்பி சுற்றி, ஒட்டிக் கட்டியிருக்கிறது.

"நாக்கு ரொம்ப லூசா கெடந்துச்சு தம்பி. யாரு தலையிலயாவது விழுந்தா?" என்றார் மச்சான், பயபக்தியோடு கும்பிட்டபடியே.

"ஐயோ மச்சான், ஆடினாத்தானே அது மணி!"

"ஆடுறது எல்லாம் ஒருநாள் விழும்."

இதுதான் அவருடைய வேதவாக்கு. இதற்கு மேல் அவரிடம் பேச்சே கிடையாது.

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோது இந்த வேதவாக்கு எங்கள் கழுத்துக்கே வந்தது. முதலில் வந்த பையன் நல்ல பையன், மாத்தளையில் நிரந்தர வேலை. ஆனால் உட்கார்ந்தவுடன் காலை ஆட்டினான். நானும் அக்காவும் பயந்துகொண்டே மச்சான் முகத்தைப் பார்த்தோம். அவர் எழுந்து போய்ப் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் முழங்காலில் கையை வைத்து ஒரே அமுக்காக அமுக்கினார். அவன் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கிற வரையில் கையை எடுக்கவேயில்லை. பையன் நொண்டிக்கொண்டு போனவன், திரும்பி வரவில்லை. இரண்டாவது வந்த இடத்தில் பையனுக்கு ஒரு குறையும் இல்லை. பையனின் அம்மாவிடம்தான், "உங்க முன்பல்லு லேசா ஆடுதுங்க, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார். அதுவும் சபையில்.

மூன்றாவதாகத் தினேஷ். எல்கடுவ தோட்டத்துப் பிள்ளை. தகப்பன் இல்லை, தாய் கொழுந்து எடுத்து ஆளாக்கியவள். மாத்தளை டவுனில் போன் திருத்துகிற கடையில் வேலை. அங்கே போன் திருத்தக் கொடுத்த இடத்தில்தான் சுகந்திக்கும் அவனுக்கும் பேச்சு உண்டாயிருக்கிறது. தாய்மாமன் என்பதால் அவள் என்னிடம்தான் வந்து அழுதாள்.

"மாமா, இதையும் அப்பா கெடுத்துட்டா, நான் யாரையும் கட்டிக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"அம்மன் இருக்கா புள்ள. நான் பாத்துக்கிறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே நம்பிக்கை இல்லை. இந்தச் சம்பந்தம் கூடிவந்தால் ஆடித் திருவிழாவில் பால்குடம் எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். மச்சானிடமும் போய், "அந்தப் பையன் காலை ஆட்டினாலும், தலையை ஆட்டினாலும் நீங்க கண்ணை மூடிக்கணும்" என்று சத்தியம் வாங்கினேன். கண்ணை மூடுவதாகத்தான் சொன்னார். காதைப் பற்றி நான் கேட்கவில்லை.

தினேஷ் தாயைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தான். கைமாறி வந்த பெரிய ஜப்பான் வண்டி. வீட்டுக்கு வருகிற ஒழுங்கையின் குண்டு குழியில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்சக்கரத்தில் இருந்து கடகட, கடகட என்று ஒரு சத்தம். மச்சானின் கை தானாக மடிக்குப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே பேச்செல்லாம் நன்றாகவே போனது. தினேஷ் காலை ஆட்டவில்லை. தாயின் பற்களும் உறுதியாக இருந்தன. ஆனால் மச்சானுக்கு ஒன்றிலும் மனசில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர், "வெத்தில வாங்கிட்டு வந்துர்றேன்" என்று எழுந்தார். வீட்டில் வெற்றிலை தட்டு நிறைய இருந்தது. கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கம் டிக், டிக், டிக் என்று தட்டுகிற சத்தம்.

"என்ன சத்தம் அது?" என்று கேட்டாள் தினேஷின் தாய்.

"பக்கத்து வீட்டுல தேங்கா உடைக்கிறாங்க" என்றாள் அக்கா. அவளுக்கும் பழகிப்போய்விட்டது.

அவர்கள் கிளம்பிப் போனபோது வண்டியில் ஒரு சத்தம் இல்லை. மச்சான் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் மலர்ந்து நின்றார். "பாத்தியா தம்பி, பூனை மாதிரிப் போறாரு மாப்பிள்ளை. நல்ல பையன். எனக்குச் சம்மதம்." நான் அங்கேயே நின்று அம்மனுக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் காலை கடையில் விளக்கேற்றிக்கொண்டிருக்கும்போது தினேஷ் எனக்குப் போன் எடுத்தான்.

"அண்ணே, உங்க மச்சான் வீட்டுல எந்தப் பால்டின் பாவிக்கிறாங்க? மாட்டுப் படம் போட்டதா?"

"ஆமா தம்பி. ஏன் கேக்கிறீங்க?"

"என் பிரேக்குக்குள்ள ஒரு மாட்டுக் கொம்பு இருக்குண்ணே. எதிர்ப் பக்கத்துல வாலு இருக்கு. நடு உடம்பையும் தேடிக்கிட்டு இருக்கோம்."

விஷயம் இதுதான். அந்த வண்டியின் முன்பிரேக் தட்டு ஒரே தகடு இல்லை. நடுவில் சக்கரத்தோடு பூட்டிய பாகம் ஒன்று, வெளியே பிரேக் பிடிக்கிற வளையம் ஒன்று. இரண்டையும் சட்டைப் பொத்தான் அளவான உருளைகள் சேர்த்துப் பிடித்திருக்கும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்க வளையம் சூடேறும். சூடேறினால் விரியும். விரிய இடம் வேண்டும் என்பதற்காகவே அதைக் கொஞ்சம் தளர்வாக விட்டிருக்கிறார்கள். கடகட என்று கேட்டது அந்தத் தளர்வுதான். மச்சான், வந்த விருந்தாளிகளுக்கு ஊற்றிய தேத்தண்ணியின் பால்டின்னையே வெட்டி, துண்டு துண்டாகத் தகடு செய்து, ஒவ்வொரு பொத்தானிலும் ஆப்பு வைத்து அடித்திருக்கிறார். காலையில் எல்கடுவ இறக்கத்தில் வளையம் சூடாகி, விரிய இடமில்லாமல், பொரித்த பப்படம் மாதிரி நெளிந்துவிட்டது. பிரேக் பிடி கைவிரலை உதைத்திருக்கிறது. பையன் கெட்டிக்காரன். பின்பிரேக்கைப் பிடித்து, மண்மேட்டில் சாய்த்து, தேயிலைச் செடிக்குள்ளே நிறுத்தியிருக்கிறான். அம்மன் புண்ணியத்தில் ஒரு சிராய்ப்பு இல்லை.

தினேஷ் சிரித்தான். தாய் சிரிக்கவில்லை. போனை வாங்கி, "உங்க மச்சானுக்குப் பொண்ணு குடுக்க இஷ்டமில்லாட்டி வாயால சொல்லச் சொல்லுங்க. எம் புள்ளைய ஏன் கொல்லப் பாக்குறாரு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

நானும் மச்சானும் எல்கடுவவுக்குப் போனோம். பஸ் ஏறும் முன்பே அவர் மடியிலிருந்த ஸ்குரூ டிரைவரை வாங்கி என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பஸ் போட்ட சத்தத்தில் அவர் பட்ட பாட்டைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் நான் இரங்கவில்லை.

தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் தினேஷ் புதுத் தட்டொன்றை மாட்டிக்கொண்டிருந்தான். மச்சான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். தினேஷ் அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, வளையத்தை ஆட்டிக் காட்டினான்.

"இங்க பாருங்க, பக்கவாட்டுல ஆடுதா? புதுசுலயே இப்படித்தான் ஆடும். இது ஆடணும். இப்ப பிரேக்கைப் புடிச்சிக்கிட்டு வண்டிய முன்ன பின்ன தள்ளுறேன். ஏதாச்சும் கேக்குதா?"

"இல்ல."

"அப்பிடித் தள்ளுறப்ப டக்குன்னு இடிச்சா, அப்பதான் பொத்தான் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். அதுதான் ஆபத்து."

மச்சான் வளையத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். மறுபடி ஆட்டினார். பொழுது ஏறிக்கொண்டே போனது. அவர் முகத்தைப் பார்த்தால், கும்பிடப் போன இடத்தில் சாமியே எழுந்து பேசியதைக் கேட்டவர் மாதிரி இருந்தது.

"அப்ப, ஆடுறதுதான் அதுக்கு வேலையா?" என்றார் கடைசியில்.

தாய் மட்டும் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. நாங்கள் வாசலில் நிற்க, மலைக்காற்று ஒன்று அடித்தது. கூரைத் தகரம் படபட என்று அடித்துக்கொண்டது. மச்சான் அண்ணாந்து பார்த்தார். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தார். நான் தினேஷைப் பார்த்தேன்.

"இது எப்பிடி ஆடுது மாப்பிள்ளை? ஆடலாமா, கூடாதா?"

"இது கூடவே கூடாதுங்க" என்றான் தினேஷ்.

ஸ்குரூ டிரைவரைக் கொடுத்தேன். அந்த வயசில் மச்சான் கூரை ஏறியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இறங்கி வந்தபோது மறுபடி காற்று அடித்தது. தகரம் மூச்சுக் காட்டவில்லை. தாய் வாசலுக்கு வந்து கூரையைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம பாக்குறேன், ஞாயித்துக்கெழம பாக்குறேன்னு இவன் சொல்லிச் சொல்லியே எத்தனையோ வருசம் நான் தூங்கல" என்றாள். பிறகு மகனைப் பார்த்து, "நிக்கிறியே, சம்பந்திக்குத் தேத்தண்ணி ஊத்து" என்றாள்.

நான் பால்குடம் எடுத்தேன். கல்யாணமும் நடந்தது.

அதற்குப் பிறகு மச்சான் புது மனுஷர். ஆனால் பிடிவாதம் மட்டும் பழையது. "பக்கவாட்டுல ஆடுனா விடு, முன்ன பின்ன ஆடுனா புடி" என்பதை ஊருக்கே ஓதத் தொடங்கினார். கோயில் மணியின் கம்பியை அவரே அவிழ்த்துவிட்டார். ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "தம்பி, அந்த மொதப் பையன் காலைப் பக்கவாட்டுலதான ஆட்டுனான்? பாவம்டா, அநியாயமா அமுக்கிட்டேன்" என்று வருத்தப்பட்டார். தேர்தலில் நின்றவர் வீட்டுக்கு வாக்குக் கேட்டு வந்துபோனதும், "இவரு முன்ன பின்ன ஆடுறாரு" என்றார். அதில் தப்புச் சொல்ல முடியவில்லை.

தினேஷ் வண்டி கடகடவென்று வரும்போதெல்லாம் மச்சான் வாசலுக்கு வந்து, கோயில் நாதசுரம் கேட்கிற மாதிரி தலையை ஆட்டி ரசிப்பார். நாங்களெல்லாம் கேலி செய்வோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். சுகந்திக்கு அப்போது ஆறாம் மாதம். தினேஷ் படலையண்டை பிரேக் பிடித்து நிறுத்தினான். ரசிக்க வந்த மச்சானின் தலை நின்றுவிட்டது.

"மாப்பிள்ளை, இன்னொருக்கா புடிங்க."

"என்ன மாமா?"

"பிரேக்கைப் புடிச்சிக்கிட்டு முன்ன பின்ன தள்ளுங்க. டக்குன்னு ஒண்ணு கேட்டுச்சு."

தினேஷ் சிரித்தான். "அது ஆடத்தான் வேணும் மாமா. நீங்கதானே ஊருக்கெல்லாம் சொல்றீங்க? மறுபடி பால்டின் எடுத்துட்டு வந்துறாதீங்க!"

நானும் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். மணி, பெட்டி, பல்லு, முழங்கால் எல்லாம் பார்த்தவர்கள் நாங்கள். வேறென்ன செய்வோம்? மச்சான் சாரத்தைத் தூக்கிக் கட்டினார். வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"என்ன மச்சான் பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. உக்காந்திருக்கேன்."

சோற்றுக்குக் கூப்பிட்டோம். இறங்கவில்லை. அக்கா தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வண்டியில் இருந்தபடியே பருப்பும் கருவாடும் பிசைந்து சாப்பிட்டு, அங்கேயே கை கழுவினார். ஒழுங்கையில் போகிறவர்கள் எல்லாம், "மாத்தயா, எங்க பயணம்?" என்று சிங்களத்திலும் தமிழிலும் கேட்டுவிட்டுப் போனார்கள். பின்னேரம் வழக்கம்போல மழை இறங்கியது. குடை கேட்டார். குடையைப் பிடித்துக்கொண்டும் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, எறங்குங்க. இருட்டுறதுக்கு முந்தி நாங்க மேல போகணும்" என்றாள் சுகந்தி.

"நீ பஸ்ஸுல போ தாயி."

"அவரு?"

"அவரும் பஸ்ஸுல வரட்டும். கட்டுன பொண்டாட்டிய விட்டுட்டு எங்க போறாரு?"

தினேஷுக்கு இப்போது கோபம் வந்துவிட்டது. "மாமா, இது என் வண்டி."

"வண்டி உங்களது மாப்பிள்ளை. பின்னால உக்கார்றது எம் புள்ள. அதுக்குள்ள இருக்கிறது எம் பேரப்புள்ள" என்றார் மச்சான். குடைக்குள்ளே அவர் முகம் தெரியவில்லை. பிரேக் பிடியில் இருந்த கையை மட்டும் அவர் எடுக்கவில்லை.

நான் ஊரில் வண்டி திருத்துகிற கராஜ் நானாவைக் கூப்பிட ஓடினேன். கடை பூட்டியிருந்தது. வீட்டுக்குப் போய், பொழுது சாய்கிற மஃரிபுத் தொழுகைக்கு முன்பே விட்டுவிடுவதாகக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். அவர் முன்பிரேக்கைப் பிடித்து, மச்சானை ஏற்றியபடியே வண்டியை முன்னும் பின்னும் தள்ளினார்.

டக். டக்.

நானா யாரையும் பார்க்கவில்லை. "எறங்குங்க அண்ணே, சக்கரத்தக் கழட்டோணும்" என்றார் மரியாதையோடு. கழற்றிப் பார்த்தால், பொத்தான் இருந்த ஓட்டைகள் புளியங்கொட்டை மாதிரி நீண்டு போயிருந்தன. பொத்தான்கள் ஒரு பக்கம் சப்பையாகத் தேய்ந்திருந்தன. ஒன்றை நானா விரலால் லேசாகத் தள்ளினார். அது கழன்று அவர் உள்ளங்கையிலேயே விழுந்தது.

"பக்கவாட்டுல ஆடுறது இதுல வழமதான். முன்ன பின்ன ஆடக் கூடா. இதோட எல்கடுவ இறங்கியிருந்தீங்கண்டா..." என்று தொடங்கியவர், சுகந்தியின் வயிற்றைப் பார்த்துவிட்டு, "அல்லாஹ் காப்பாத்திட்டான்" என்று முடித்துக்கொண்டார்.

நான் அம்மனை நினைத்துக்கொண்டேன். தினேஷ் மழையில் நனைந்தபடியே நின்றான். மச்சான்தான் பேசினார். "நீங்க சொல்லிக் குடுத்ததுதானே மாப்பிள்ளை" என்றார். குடையை மடக்கிக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தார். அத்தனை நேரம் உட்கார்ந்ததில் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மூன்று நாள் எண்ணெய் தேய்த்தாள் அக்கா.

அந்தத் தேய்ந்த பொத்தான்களை நானா அவரிடமே கொடுத்துவிட்டார். மச்சான் அவற்றை மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு கோயில் மஞ்சள் தண்ணியிலும் கழுவி, ஜன்னலில் காயவைத்திருந்தார். எதற்கென்று கேட்டால் சொல்லவில்லை.

பேரன் பிறந்து பெயர் வைத்த அன்றைக்கு எல்லோரும் தங்கமும் வெள்ளியும் போட்டார்கள். மச்சான் மடியிலிருந்து ஒரு தைல டப்பாவை எடுத்தார். வெளியே சிவப்புப் பெயின்ட் அடித்து, ஒரு மரப்பிடி பொருத்தியிருந்தது. பிள்ளையின் முகத்துக்கு நேரே ஆட்டினார். கிலுகிலு, கிலுகிலு. உள்ளே அந்தப் பொத்தான்கள்.

கொலுசுக்கு மெழுகு ஊற்றிய மனுஷன்!

எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு அவருக்கு வெட்கமாகிவிட்டது. "மூடிய மட்டும் இறுக்கிட்டேன், அது கழறாது" என்றார்.

மறு வருஷம் ஆடி பிறந்த பிறகு ஒருநாள், பின்னேரத் தூக்கத்திலேயே போய்விட்டார். பெட்டி வந்ததும் நானே கைப்பிடிகளை ஆட்டிப் பார்த்து, அவருடைய ஸ்குரூ டிரைவராலேயே முடுக்கினேன். கருமாதிக்கு வந்த சனம் கூடத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது. அக்காவின் இடுப்பில் சாவிக்கொத்து இன்னும் துணிக்குள்தான் இருந்தது. அப்போதுதான் பேரன் தவழ்ந்து வந்து, சிவப்பு டப்பாவைத் தேடி எடுத்து, இருந்த பலத்தையெல்லாம் போட்டு ஆட்டத் தொடங்கினான். தினேஷ் ஓடிவந்து அதைப் பிடுங்கப் போனான்.

"விடுங்க மாப்பிள்ளை, ஆட்டட்டும்" என்றாள் அக்கா. "இந்த வீட்டுல அவரு இறுக்காம விட்டது அது ஒண்ணுதான்."